உதடு மூடும் சொல்

இளையவள் அந்த வீட்டுக்குள் அடியெடுத்து வைத்த அன்றே மூத்தவள் அவள் நெற்றியைப் பிளந்துவிட்டாள்.

எறிந்தது குக்கர் மூடி. திட்டமிட்டு எடுத்ததன்று. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நுரையோடு கையில் இருந்தது, எறிந்தாள். விளிம்பு இடப்புருவத்துக்கு மேலே பாய்ந்தது. ஐந்து மாதச் சூலோடு வாசலில் நின்றவள் சுவரைப் பற்றியபடி சரிந்தாள். குருதி மூக்கின் இருபுறமும் வழிந்து அவள் மார்பை நனைத்தது. அவளை அழைத்து வந்த கணவன் இருவருக்கும் நடுவே நின்று சிரித்தான்.

"நல்லா அடிச்சுக்குங்க. ஜெயிக்கிறவ சமைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான்.

அவன் லேத் பட்டறை வைத்திருந்தவன். சுழலும் இரும்பைச் சீவிச் சீவி உருளையாக்கும் தொழில். தெருவில் அவனை லேத்துக்காரன் என்றே அழைத்தார்கள்.

மூத்தவளுக்கு அப்போது வயது முப்பத்துமூன்று. அவள் குரலுக்கு வயது ஆறு. பன்னிரண்டாம் வயதில் தோழியர் குரல்களெல்லாம் தடித்தபோது அவளுடையது மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. தொலைபேசியை எடுத்தால் எதிர்முனை, "வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா பாப்பா?" என்று கேட்கும். இறைவன் எதையோ நினைத்துக்கொண்டு வைத்த குறை அது. அக்குறையே அவளுக்குத் தொழிலாயிற்று. வேற்றுமொழியில் எடுத்த குழந்தைத் தொடர்களுக்குத் தமிழ்க்குரல் சேர்க்கும் டப்பிங் கூடம் ஒன்றில் அவள் எலிக்குஞ்சாக இருந்தாள், வாத்துக்குஞ்சாக இருந்தாள், சந்தையில் தொலைந்த சிறுமியாகவும் தொட்டிலில் வீறிடும் மகவாகவும் இருந்தாள். அழுகையில் மட்டும் பதினாறு வகை வைத்திருந்தாள். பசியழுகை வேறு, பிடிவாத அழுகை வேறு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிடும் அழுகை வேறு.

கட்டிக்கொண்டவனுக்கு அந்தக் குரல் முதலில் வேடிக்கையாகவும் பின்பு அவமானமாகவும் இருந்தது. பட்டறையாள் ஒருவன் ஒருநாள், "என்னண்ணே, வீட்டுக்கு ஃபோன் போட்டா உங்க பொண்ணு எடுக்குது?" என்று கேட்டுவிட்டான். மணமாகி நான்கு ஆண்டாகியும் பிள்ளையில்லாதவனுக்கு அச்சொல் ஈட்டி. அன்று மாலை மூத்தவளின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். "பெரிய மனுஷி மாதிரி பேசுடி. எங்க, பேசு பாக்கலாம்." அவள் பேச முயன்றாள். முயல முயல விரல்கள் இறுகின. குழலை நெரித்தால் ஓசை மெலிந்து உயருமேயன்றித் தடிக்காது என்பதை இரும்பைச் சீவுகிறவன் எப்படி அறிவான்? அவள் பேச்சு மேலும் மேலும் குழந்தையாயிற்று. அவன் மேலும் மேலும் நெரித்தான்.

பின்பு பட்டறைக்கு எதிரே தையற்கடையில் வேலை பார்த்த பெண்ணைச் சூலோடு அழைத்து வந்தான். குக்கர் மூடி பறந்தது.

அதன்பின் நடந்தது போர். ஒருத்தி மற்றவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினாள். பகலில் கண்ணயர்ந்தவளின் சடையைத் தையற் கத்தரியால் மற்றவள் அடியோடு வெட்டினாள். ஒருவனை மணந்த இருவரில் ஒருத்திக்கு மற்றவளை மாற்றாள் என்று சொல்வது பழைய வழக்கு. அச்சொல்லில் எவ்வளவு பகை அடங்குமோ அவ்வளவையும் அவர்கள் வாழ்ந்து பார்த்தார்கள். இடையிடையே அவன் வந்து இருவரையும் வேறுபாடில்லாமல் அடித்தான்.

பெண்குழந்தை பிறந்தது. ஒருநாள் அது பசித்து அழுதபோது மூத்தவள் எரிச்சலில் எதிரே குனிந்து தன் பதினாறில் முதலாவதான பசியழுகையை அழுது காட்டினாள். தன்னைவிட நன்றாக அழுகிற ஒருத்தியைக் கண்ட குழந்தை வாயை மூடிக்கொண்டு விழித்தது. இளையவள் சிரித்துவிட்டாள். சிரிக்கையில் அவள் புருவத்துத் தழும்பு இரண்டாக மடிவதை மூத்தவள் அன்றுதான் பார்த்தாள். பார்த்துவிட்டு, பால் காய்ச்சப் போனாள்.

குழந்தைக்குப் பதினோரு மாதமானபோது ஒரு நண்பகலில் அது விடாமல் அழுதது. "வாயை மூட வைடி" என்றான் அவன். இளையவள் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே திரும்பினாள். அவன் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து அவள் முதுகில் வைத்து அழுத்தினான். தோல் சீறியது. குழந்தையைக் கீழே போட்டுவிடக் கூடாதே என்று அவள் அலறாமல் நின்றாள்.

பட்டறையிலிருந்து கொண்டுவந்த, பாதி சீவிய எஃகுத் தண்டு ஒன்று கதவோரம் கிடந்தது. மூத்தவள் அதை இரு கைகளாலும் எடுத்து அவன் வலமுழங்காலில் அடித்தாள். அவன் மண்டியிட்டான். மீண்டும் அதே இடத்தில் அடித்தாள். முட்டிச்சில்லு உடைந்த ஓசை அறை முழுதும் கேட்டது. மூன்றாம் முறை ஓங்கியபோது இளையவள் அவள் கையைப் பற்றினாள்.

"போதும்க்கா."

அக்கா என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் முறை.

"போதாதுடி" என்று ஆறு வயதுக் குரலில் சொல்லி, மூத்தவள் மூன்றாவதையும் அடித்தாள்.

அவனை விட்டு வந்து, டயர்க்கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு குழந்தையோடு மூவரும் குடியேறினார்கள். இளையவள் பழைய துணிகளுக்கு ஜிப் மாற்றித் தைக்கும் கடையில் சேர்ந்தாள். மூத்தவள் டப்பிங் கூடத்துக்குப் போய்வந்தாள். கீழே டயர் வெடித்தால் மேலே மூவரும் ஒரே நேரத்தில் தலையைத் தாழ்த்தினார்கள்; பிறகு சிரித்தார்கள். இப்படி ஆறு ஆண்டுகள் போயின.

குழந்தை இருவரையும் அம்மா என்றே அழைத்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரை அழைக்கிறாள் என்பதில் குழப்பமும் நேர்ந்ததில்லை. பெற்றவளை அழைக்கையில் கடைசி நெடில் இரண்டு மாத்திரையில் நிற்கும்: அம்மா. மூத்தவளை அழைக்கையில் ஒரு மாத்திரை நீளும்: அம்மாஅ. இலக்கணம் படித்தவர்கள் அளபெடை என்று சொல்லும் அந்த நீட்சியை ஏழு வயதுப் பெண் இரண்டு தாய்களைப் பிரித்தறிய வைத்திருந்தாள். பக்கத்து அறையில் இருந்தாலும் தன்னுடையது எது என்று இருவருக்கும் தெரியும்.

லேத்துக்காரன் முழங்காலைக் காட்டி மூத்தவளிடமிருந்து எப்போதோ விவாகரத்து வாங்கியிருந்தான். மூன்றாவதாக வந்தவளும் ஓடிப்போனபின், தனக்கு ஒரு மகள் இருப்பது அவன் நினைவுக்கு வந்தது. குடும்ப நீதிமன்றத்தில் மனுப்போட்டான். அவன் வக்கீல் கெட்டிக்காரர். குழந்தையைத் தந்தையிடம் கொடு என்று எடுத்தவுடன் கேட்கவில்லை.

"பெத்த தாய்கிட்டயே இருக்கட்டும் மேடம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா அந்த வீட்ல இன்னொரு பொம்பளை இருக்காங்க. என் கட்சிக்காரரோட கால உடைச்சவங்க. சட்டப்படி அந்தக் குழந்தைக்கு அவங்க யாருமே இல்லை. ஒண்ணு, அவங்க அந்த வீட்ட விட்டு, குழந்தைய விட்டு விலகணும். இல்லைன்னா குழந்தை அப்பாகிட்ட வரணும்."

நீதிபதி ஓய்வுக்கு நெருங்கிய அம்மையார். மூத்தவளைப் பார்த்து, "குழந்தைக்கு நீங்க என்ன முறை ஆகணும்?" என்று கேட்டார். மூத்தவள் வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் இந்தக் குரலில் விளையாட்டாகத்தான் படும் என்று தோன்றியது. மூடிக்கொண்டாள். வழக்கு ஒரு மாதம் தள்ளிப்போயிற்று.

படியிறங்கும்போது இளையவள் பொரிந்தாள். "வாய்ல என்ன வெச்சிருந்தக்கா? ஊருக்கெல்லாம் பேசற, அங்க பேச மாட்டியா?"

"என்னன்னு சொல்றது? சக்களத்தின்னா?"

"மூஞ்சியப் பாரு" என்றாள் இளையவள். ஆனால் அவளுக்கும் சொல் கிடைக்கவில்லை.

அந்த மாதத்தில்தான் முயல் வந்தது. கூடத்துக்குப் புதிதாக வந்த தொடரில் ஒரு தெரு, அத்தெருவில் பலவகை விலங்குக் குடும்பங்கள். ஆமைக்குஞ்சை எடுத்து வளர்த்தவர் ஒரு கிழட்டு நாரை. அணில்பிள்ளை பாதி வாரம் அப்பா மரத்திலும் பாதி வாரம் அம்மா மரத்திலும் இருக்கும். முயற்குட்டிக்கு அப்பா இல்லை, அம்மா இருவர். ஏன் இருவர் என்று தொடரில் எங்கும் விளக்கம் இல்லை. ஆமையின் ஓட்டைப் போல, இருந்தது, அவ்வளவே. முயலுக்கு மூத்தவள் குரல்.

மூன்றாம் பகுதியில் முயல் பள்ளத்தில் விழுகிறது. இரு தாய்களும் ஓடிவருகிறார்கள். முயல் ஒவ்வொருத்தியாகப் பார்த்து அழைக்கிறது. தாளில், "அம்மா! சித்தி!" என்று இருந்தது.

மூத்தவள் படத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். வசனம் எழுதுபவரைக் கூப்பிட்டாள். படத்தில் உள்ள வாயசைவுக்குப் பொருந்தத் தமிழ்ச்சொல் தேடுவதே அவர் வேலை. எதிரே பேசுகிறவர்களின் கண்ணைப் பாராமல் வாயையே பார்ப்பார். கூடத்தில் அவருக்கு உதட்டுக்காரர் என்று பெயர்.

"சார், ரெண்டு தடவையும் உதடு மூடுது. சித்திக்கு எங்க சார் மூடும்?"

"தெரியாமலா எழுதினேன்? முதல்ல ரெண்டும் அம்மான்னுதான் போட்டேன். சேனல்ல வெட்டிட்டாங்க. ஒரு வீட்டுக்கு ஒரு அம்மா போதுமாம்."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர் குறுக்கிட்டார். "மாமின்னு வைங்களேன். கச்சிதமா மூடும்."

"மாமியா? அப்ப முயலப் பெத்தது யாரு, உன் மாமனாரா?"

"பெரிம்மான்னா?"

"இதுவும் மாமி மாதிரிதான், பகரம் முதல்லயே ஒரு தரம் ஒட்டுதேய்யா. படத்துல அப்ப வாய் ஆன்னு கிடக்கு பாரு."

மகரம் இதழ் இரண்டும் பொருந்தினால் அன்றிப் பிறவாது. சகரத்துக்கும் தகரத்துக்கும் இதழே வேண்டாம். இந்த ஒரு நுட்பத்தில் மூவர் ஒரு மணிநேரம் மல்லாடினார்கள். மூத்தவள் பதினொரு முறை சித்தி என்று கூவினாள். பதினொரு முறையும் முயல் நீரிலிருந்து எடுத்த மீனாக வாயை மூடி மூடித் திறந்தது. பன்னிரண்டாம் முறை அவள் தாளைப் பார்க்கவில்லை. பள்ளத்தை மட்டும் பார்த்தாள். "அம்மா!" என்றது முயல். உடனே மற்றவளை நோக்கி, "அம்மாஅ!" என்றது.



"உட்கார்ந்துருச்சு" என்றார் ஒலிப்பதிவாளர். குரல் வாயசைவோடு பொருந்திவிட்டால் அப்படிச் சொல்வது அவர்கள் வழக்கு.

மூத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வாய் தவறிருச்சு சார். இன்னொண்ணு போலாம்."

உதட்டுக்காரர் திரையில் உறைந்து நின்ற முயலின் உதடுகளை வெகுநேரம் பார்த்தார். "போகலாம். ஆனா எனக்குப் பசிக்குது" என்றார். சேனலில் தாளைத்தான் படிப்பார்கள், ஒலியைக் கேட்கமாட்டார்கள் என்பது மூவருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பகுதி ஒளிபரப்பானது. இரண்டு அறை வீட்டில் மூவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். முயல் அழைத்ததும் சிறுமி திரும்பி மூத்தவளின் தொடையில் அறைந்தாள்.

"திருடி! அது நான் கூப்பிடறது. என்கிட்டக் கேக்காம எடுத்துட்ட."

"உன்கிட்ட எவ்வளவோ இருக்கு, ஒண்ணு எடுத்தா என்ன?"

இளையவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். மூத்தவள் கூடத்துக்குக் கிளம்பினாள்.

அதே நேரம் லேத்துக்காரன் முடிதிருத்தகத்தில் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தான். சுவரில் தொலைக்காட்சி ஓடியது. முடிதிருத்துபவர் கத்தியைத் தீட்டியபடி, "பாருங்கண்ணே, முயலுக்கு ரெண்டு அம்மாவாம். அப்பன் எங்க போனானோ, நொண்டிக்கிட்டு?" என்றார். அவர் எதையும் அறிந்து சொன்னவர் அல்லர். வாய்க்கு வந்த வேடிக்கை. ஆனால் அவன் அந்தக் குரலை அறிவான். அவன் விரல்களுக்குள் துடித்த குரல் அது. எழுந்தான். இரும்புப்பூண் போட்ட ஊன்றுகோலால் எதிர்க்கண்ணாடியை அடித்து நொறுக்கினான். பாதி மழித்த முகத்தோடு தெருவில் இறங்கினான்.

டப்பிங் கூடத்தின் உள்ளறை சிறியது. சுவரெங்கும் பஞ்சு பதித்தது. கதவைச் சாத்தினால் தன் மூச்சு தனக்கே கேட்கும். மூத்தவள் காதுகளை மூடிய கருவியோடு ஒலிவாங்கியின் முன் நின்று ஐந்தாம் பகுதிக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். முயல் ஊஞ்சலாடும் காட்சி. சிவப்பு விளக்கு எரிந்தது. வாசலில் தடுத்தவனைத் தள்ளிவிட்டு அவன் உள்ளறைக்குள் நுழைந்து தாழிட்டதை அவள் கேட்கவில்லை.

முதல் அடி தோளில் விழுந்தது. முயலின் சிரிப்பு நடுவில் முறிந்தது.

"ஊருக்கே சொல்லிட்டியா? என் பொண்ணுக்கு அப்பன் இல்லைன்னு டிவியில சொல்லிட்டியா?"

இரண்டாம் அடி ஒலிவாங்கியின் தண்டில் பட்டு அதைச் சாய்த்தது. அவள் காதுக்கருவியைப் பிடுங்கி அதன் இரும்பு வளைவால் அவன் கன்னத்தைக் கிழித்தாள். மழித்த பாதியில் குருதி கோடிட்டது. அவன் அவளைப் பஞ்சுச் சுவரில் மோதினான். சுவர் ஓசையே எழுப்பவில்லை. ஊன்றுகோலைக் குறுக்காக அவள் கழுத்தில் வைத்து, இருபுறமும் கைபிடித்து, முழு உடலாலும் அழுத்தினான்.

"கூப்பிடு. இப்ப கூப்பிடுடி உங்கம்மாவ."

அவள் அலறினாள். பதினாறு வகையிலும் அடங்காத அலறல் அது. ஆனால் குரல் முயலின் குரல். ஆறு வயதுக் குழந்தையின் குரல். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் துள்ளி எழுந்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் எறிந்தார். இரண்டாம் எறியில் கண்ணாடி மழையாகக் கொட்டியது. அதன் வழியே முதலில் உள்ளே குதித்தவர், ஐம்பத்தெட்டு வயதான, எலும்பும் தோலுமான உதட்டுக்காரர். அடிக்கத் தெரியாதவர் ஆகையால் அவன் மணிக்கட்டைக் கடித்தார். எலும்பில் பல் பதியும்வரை விடவில்லை. அதற்குள் அவள் கழுத்துக்குள் ஏதோ, காய்ந்த சுள்ளி போல, முறிந்திருந்தது.

ஒலிப்பதிவுக் கருவி அவ்வளவையும் வாங்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் இளையவளைத் தனியே அழைத்தார். "குரல் வரும். ஆனா அந்தக் குரல் வராது." இளையவள் அதைப் போய்ச் சொல்லவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து, அவனையும் அவன் பட்டறையையும் அவன் பிறந்த நேரத்தையும் ஒன்றுவிடாமல் வைது தீர்த்தாள். மூத்தவள் கையால் அவள் வாயைப் பொத்தி, ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்த சிறுமியைக் காட்டினாள்.

சேனலுக்கு அந்த வாரம் வசைபாடி நாற்பது தொலைபேசி அழைப்புகள் வந்தனவாம். ஒருவர் மட்டும், மனைவி இறந்தபின் தன் தமக்கையோடு சேர்ந்து மகனை வளர்ப்பவர், "எங்க வீட்ல டிவியப் பாத்துப் பையன் சிரிச்சாங்க, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். சேனல் வேறொரு பெண்ணை அழைத்து அந்தப் பகுதிக்கு மீண்டும் குரல் சேர்த்தது. புதிய முயல் சித்தி என்றது. வாய் பொருந்தவில்லை.

தள்ளிவைத்த நாள் வந்தது. லேத்துக்காரன் ஜாமீனில் வெளியே வந்திருந்தான். மணிக்கட்டில் கட்டு, கன்னத்தில் தையல். தானே தாக்கப்பட்டதாகவும், கூடத்தார் எல்லாரும் அவள் ஆட்கள் என்றும் எழுதிக் கொடுத்திருந்தான். மூத்தவள் கழுத்தைச் சுற்றிப் பட்டையோடு இளையவளின் பக்கத்தில் நின்றாள். சிறுமியை வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெண் காவலர் பார்த்துக்கொண்டார்.

ஒலிப்பதிவைப் போட்டார்கள். முயல் சிரித்தது. அடி விழுந்தது. பிறகு அந்த அலறல் நீதிமன்றத்தின் உயர்ந்த கூரைவரை சென்று இறங்கியது. பின்வரிசையில் வேறு வழக்குக்காக வந்திருந்த ஒருத்தி தன் குழந்தையை மார்போடு சேர்த்து அதன் காதை மூடினாள்.

வக்கீல் எழுந்தார். "மேடம், இது குழந்தை நிகழ்ச்சிக்குக் குரல் குடுக்கற இடம். சிரிக்கறது, அழறது, அலறறது எல்லாம் அங்க தொழில். இப்ப நாம கேட்டது ஒரு சின்னக் குழந்தையோட குரல். இந்தம்மா குரல்னா, இதே மாதிரி ரெண்டு வார்த்தை இங்க பேசிக் காட்டட்டுமே."

மூத்தவள் வாயைத் திறந்தாள். துருவேறிய கீல் அசைவது போல ஓர் ஓசை வந்தது. மீண்டும் முயன்றாள். அதுவே வந்தது. இளையவள் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"பாத்தீங்களா மேடம்? அலறல் நடிப்பு. அதுல வர்ற ஆம்பளைக் குரலும் யாரோ ஒரு நடிகர். என் கட்சிக்காரர் அந்த அறையில அடி வாங்கினாரே ஒழிய, அந்த வீரமெல்லாம் அவரு காட்டலை. நடக்கவே முடியாத மனுஷன்..."

லேத்துக்காரனின் கழுத்து நரம்பு புடைத்தது. தன் வக்கீல் தன்னைக் காப்பாற்றுகிறார் என்பது அவன் அறிவுக்கு எட்டியிருக்கலாம். ஆனால் தன் கை செய்ததை எவனோ ஒரு நடிகன் செய்தான் என்றதும், தன்னால் இயலாது என்றதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எவன்டா நடிகன்?" என்று எழுந்தான். "அது என் குரல். இந்தக் கையாலதான் நெரிச்சேன். உள்ள நொறுங்கினது என் கைக்குத் தெரியும். என்னால முடியாதுங்கறியா?"

ஊன்றுகோல் வக்கீலின் மேசையில் இறங்கியது. தாள்கள் பறந்தன. அடுத்த வீச்சில் வக்கீலின் கண்ணாடி உடைந்து விழுந்தது. அவன் தடுப்பைத் தாண்டி மூத்தவளை நோக்கிப் பாய்ந்தான். இளையவள் ஓரடி முன்னே வந்து, உடைந்த அதே முழங்காலில், தன் உடலெடை முழுதையும் குதிகாலில் இறக்கி உதைத்தாள். அவன் தரையில் விழுந்து உருண்டான். நான்கு காவலர்கள் அவன்மேல் விழுந்து கைகளை முதுகுக்குப் பின்னே முறுக்கினார்கள். இழுத்துச் செல்லும்போதும், "நான்தான்டா அடிச்சேன்! நான்தான்!" என்று கத்திக்கொண்டே போனான். கத்தல் தாழ்வாரம் கடந்து, படியிறங்கி, மெல்ல அடங்கிற்று.

நீதிபதி தண்ணீர் குடித்தார். பிறகு உத்தரவைச் சொல்லச் சொல்ல, பக்கத்து மேசையில் தட்டச்சு செய்யும் அம்மாள் அடித்துக்கொண்டே வந்தாள். தந்தையின் மனு தள்ளுபடி. குழந்தை தன் தாயாரிடமே இருக்கவேண்டும். அவ்வளவே.

வக்கீல் உடைந்த கண்ணாடியை ஒரு கையால் கண்ணில் பிடித்தபடி மறுபடி எழுந்தார். அடிவாங்கியும் தொழிலை விடாதவர். "மேடம், தாயார்னா பெத்தவங்க ஒருத்தர்தான். அந்த வீட்ல இருக்கற இன்னொருத்தர் விலகணும்ங்கறது மனுவுல தனிக் கோரிக்கை. தள்ளுபடி ஆனாலும், குழந்தை யார்கிட்டங்கறது உத்தரவுல இருக்கற படிதான். அந்தம்மாவுக்கு இதுல உரிமை இல்லைன்னு நான் சொல்லிவைக்கறேன்."

அவர் சொன்னது சட்டப்படி சரி. நாளை வேறொரு மனு வரும். பள்ளியில், மருத்துவமனையில், காவல் நிலையத்தில், உத்தரவில் இல்லாதவள் என்று யார் வேண்டுமானாலும் மூத்தவளை வாசலில் நிறுத்தலாம். இளையவளின் நகங்கள் தன் உள்ளங்கையிலேயே ஆழ இறங்கின.

தட்டச்சுத் தாள் நீதிபதியின் முன் வந்தது. அவருக்கு முன்பே வக்கீல் எட்டிப் பார்த்துவிட்டார்.

"மேடம், இங்க ஒரு கால் விட்டுப்போச்சு. தாயாரிடமேன்னு வரணும். தாயரிடமேன்னு அடிச்சிருக்காங்க."

தாயார் என்பது மதிப்பு விகுதி சேர்ந்து ஒருத்தியைக் குறிப்பது. தாயர் என்றால் ஒருவருக்கு மேற்பட்டவர். பழம்பாடல்களில் தாயர் கூட்டமாக வருவார்கள். மகளைத் தேடுவார்கள், வைவார்கள், வாழ்த்துவார்கள். அலுவலகத் தாள்களில் அச்சொல்லுக்கு நெடுங்காலமாக வேலையில்லை.

தட்டச்சு அம்மாள் பதறி எழுந்தாள். "மெஷின் பழசு மேடம். கால் சில நேரம் விழறதில்லை. திருத்திக் கொண்டாரட்டுங்களா?"

நீதிபதி பேனாவைத் திறந்து அந்த எழுத்தின் மேல் கொண்டுபோனார். முனை தாளைத் தொடாமல் நின்றது. அவர் நிமிர்ந்து, கழுத்தில் பட்டையோடு நின்றவளையும், அவளுக்கு முன்னே இன்னும் காலைச் சரியாக ஊன்றாமல் நின்றவளையும் பார்த்தார். மறுபடி குனிந்து அந்த வரியைத் தொடக்கத்திலிருந்து படித்தார்.

"வேண்டாம். சரியாத்தான் இருக்கு."

"மேடம், அர்த்தமே மாறிடுதே!"

"படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போடறேன்? உக்காருங்க."

கையெழுத்திட்டார். அலுவலர் முத்திரையை மையில் தோய்த்து ஓங்கி அடித்தார். அந்த ஓசைக்கு மூத்தவளுக்கு ஒருமுறை தூக்கிவாரிப் போட்டது. பிறகு தாளை வாங்கக் கை நீட்டினாள்.